துரியோதனன் கிரீடத்தில் ரோஸ் கல்

அரக்கு, முகப்பவுடர், யாருடையதோ காய்ந்துபோன வியர்வை, இவை எல்லாவற்றுக்கும் மேலே அம்மா போட்டுவைத்த அந்துருண்டை: அஜ்மானில் எங்கள் வீட்டுத் துணி அலமாரியைத் திறந்தால் முதலில் வருவது இந்த வாசனைதான்.

ஷார்ஜாவில் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்த அப்பா, ஒவ்வொரு "லீவு"க்கும் செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் அலைந்து, கூத்துக் குழுக்கள் ஒதுக்கிப்போட்ட பழைய மரக் கிரீடங்களையும் தோளில் கட்டும் புஜகீர்த்திகளையும் மார்ப்பதக்கங்களையும் வாங்கி, லுங்கிகளில் சுற்றிக் கொண்டுவருவார். "எல்லா வீட்டு ஆம்பளைங்களும் ஊறுகா கொண்டாறாங்க, நம்ம வீட்டு ராஜா கிரீடம் கொண்டாறாரு" என்பாள் அம்மா. வாங்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். உதிர்ந்த கண்ணாடித் துண்டைக்கூட ஒட்டமாட்டார். டப்பாவில் போட்டு வைப்பார்.

அப்போது எனக்கு எட்டு வயது. துரியோதனன் கிரீடத்தின் நெற்றியில் மூன்று குழிகள் காலியாக இருந்தது பொறுக்காமல், என் தலைக் கிளிப்பிலிருந்து மூன்று ரோஸ் கற்களைப் பிடுங்கி ஒட்டிவிட்டேன். அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஏழுமலை மாமா வந்தார். தொழிலாளர் "கேம்ப்"பில் தங்கிக் கம்பி கட்டும் வேலை செய்தவர். ஊரில் துரியோதனன் வேஷம் கட்டியவர். அந்தக் கிரீடத்தைப் பார்க்கத்தான் வாராவாரம் வருவார். துணியைப் பிரித்ததும் அப்பாவின் முகம் மாறியது. "யாரு செஞ்சது இது?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல், கற்களைப் பெயர்த்தெடுக்கச் சமையலறைக் கத்தியோடு வந்தார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்தார்.

"கத்திய வைங்க சார். எங்க வாத்தியாரு கிரீடத்துலயும் ரோஸ் கல்லுதான். துரியோதனனுக்கு அதான் முறை. பாப்பா கரெக்டாத்தான் வச்சிருக்குது."

கிரீடத்தைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஃபிரிட்ஜைப் பார்த்து, "அடேய் பீமா!" என்று உறுமினார். அம்மா சிரித்துவிட்டாள்.

"அப்படியா முறை?" என்றார் அப்பா. கத்தியை வைத்துவிட்டார்.

இன்று அந்தக் கேம்ப் இல்லை, அங்கே ஏதோ கிடங்கு நிற்கிறது. மாமா ஊர் திரும்பிய பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஆரணிக்குப் போய்விட்டார்கள். கிரீடங்கள் மட்டும் அஜ்மானில் என்னிடம் இருக்கின்றன.

போன வாரம் என் நான்கு வயது மகள் ஒரு மார்ப்பதக்கத்தை வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டாள். பொன்தாள் முழுவதும் ஊறிக் கழன்றுவிட்டது. "டர்ட்டியா இருந்துச்சு மம்மி" என்றாள். கத்திவிட்டேன். கத்தியது சரியா, கத்தாமல் விட்டால் எதையும் மதிக்காமல் வளர்வாளா என்று குழம்பி, அப்பாவுக்குப் போன் செய்தேன்.

பதக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "குழந்தை எங்க?" என்றார். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் கிரீடத்துக்கு வந்தது.

"எந்த ஊர்லம்மா துரியோதனனுக்கு ரோஸ் கல்லு வைப்பாங்க?" என்று சிரித்தார். "உன் மூஞ்சியப் பாத்துட்டு அந்த மனுஷன் புளுகினாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டு நானும் தலையாட்டினேன்."

போனை வைத்துவிட்டு, மகள் ஒளிந்திருந்த சோபாவின் பின்னால் நானும் போய் உட்கார்ந்தேன்.