எம்பாரின் சிமெண்ட் மூட்டைகள்

திருவள்ளூர் கடைத்தெருவில் 1911-ல் மணிலாக்கொட்டை வியாபாரிகள் கட்டிய மாடி ஆபீஸ் அது. சுண்ணாம்புத் தளம், பர்மா தேக்கு உத்தரங்கள். அங்கே எம்பார் ஹெட் கிளார்க். கோயில் கைங்கரியத்தை அண்ணனிடம் விட்டு வந்த மனிதர், கடைசியில் இந்தக் கட்டடத்துக்கு அர்ச்சகராகிவிட்டார். அதற்குத் தாலி கட்டாத குறைதான்.

1964 மழையில் ஆபீஸ் தளம் ஒழுகியது. மணவாள நகரில் அவர் வீடும் ஒழுகியது. அப்போதெல்லாம் சிமெண்ட் வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும். வீட்டுக்காக எழுதிப்போட்டு, தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய மூட்டைகளை மனிதர் நேரே ஆபீஸ் மாடிக்கு ஏற்றினார். கீழே கயிற்றுக்கடை வைத்திருந்த ஹயாத் பாஷாவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னா சாமி, உங்க ஊடு ஒழுவுது, நீங்க இங்க பூசிக்கினு கீறீங்க?"

"ஆத்துக்கு அடுத்த பர்மிட்ல பாத்துக்கலாம் பாய்."

அடுத்த பர்மிட் வரவேயில்லை. ஆபீசில் ஒழுக்கு நின்றது. வீட்டில் நிற்கவில்லை. மனைவி செங்கமலவல்லி முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டாள். பிறகு அலுத்துப்போய், மழை வந்தால் பேசாமல் பாத்திரம் வைத்தாள்.

1973-ல் முதலாளி புதுவாயல் பக்கம் ஆலை வைத்து ஆபீசை அங்கே மாற்றினார். பழையதை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகச் சொன்னார். எம்பார் கெஞ்சிய கெஞ்சலில் கொஞ்சம் இறங்கி வந்தார். என்ஜினீயர் பார்க்கட்டும், உத்தரம் உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம் என்றார். எம்பாருக்குப் பாதி உயிர் வந்தது.

என்ஜினீயர் சுவரில் செருகியிருந்த உத்தரத்தின் முனையைக் கொத்திப் பார்த்தார். தேக்கு புட்டு மாதிரி உதிர்ந்தது.

"சுண்ணாம்புத் தளம் நனைஞ்சாலும் வெயில்ல காஞ்சிடும் சார். மேல சிமெண்ட்டைப் பூசி மூடிட்டாங்க. கைப்பிடிச் சுவர் வெடிப்புல இறங்கின தண்ணி வெளிய போக வழியில்லாம மரத்துலயே தங்கிடுச்சு. யார் பூசினது?"

"நான்தான்" என்றார் எம்பார். வேடிக்கை பார்க்க மாடியேறி வந்திருந்த பாஷா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் மழை. நனைந்தபடி வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செங்கமலவல்லி கையில் பாத்திரத்தோடு நின்று கேட்டாள்.

"அந்த சிமெண்ட் நம்மாத்துக்கு வந்திருந்தா ரெண்டும் நன்னா இருந்திருக்கும்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

எம்பார் எழுந்து அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி, ஒழுகும் இடத்தில் வைத்தார்.