நந்தியாவட்டைக்கு ஒரு வாட்ச்மேன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாமல் என் மனைவி வசந்தா, பூச்சிமருந்து ஸ்ப்ரேயும் கையுமாக நந்தியாவட்டைச் செடி முன்னால் நின்றாள். முகத்தில் கொலைவெறி.

குற்றவாளி — ஒரு புழு. விரல் தடிமன், இலைப்பச்சை நிறம், வாலில் குட்டியாக ஒரு கொம்பு. ஆசையாக வளர்த்த செடியில் பாதியை மொட்டையடித்திருந்தது.

"பூஜைக்கு ஒரு பூ மிஞ்சலைங்க. பூவை வாக்கிங் சார் பறிச்சிட்டுப் போறாரு, இலையை இது தின்னுடுது. நான் எதுக்குத் தண்ணி ஊத்தறேன்?"

வாக்கிங் சார் அடுத்த தெருக்காரர். எங்கள் மாடம்பாக்கத்தில் காலையில் இப்படிச் சிலர் கிளம்புவார்கள். ஒரு கையில் கேரிபேக், இன்னொரு கையில் கொக்கிக் குச்சி. காம்பவுண்டுக்கு வெளியே நீட்டிய பூவெல்லாம் சாமி சொத்து என்பது அவர்கள் சட்டம். சாமிக்கு என்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு "குட்மார்னிங் சார்" சொல்வாள் வசந்தா.

அன்றும் வந்தார். குச்சியால் கிளையை வளைத்தார். புழு மிரண்டுபோய்த் தலையை உள்ளே இழுத்துக் கழுத்தை உப்பவைத்தது... இரண்டு நீலக் கண்கள்!

"ஐயோ மேடம், பாம்பு! உங்க செடில பாம்பு இருக்கு!"

குச்சி ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். அந்த வயதில் அந்த ஓட்டம் — தினசரி வாக்கிங்கின் பலன் தெரிந்தது.

வசந்தா ஸ்ப்ரேயைக் கீழே வைத்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இது இருந்துட்டுப் போகட்டுங்க."

'என் பூவைப் பறிக்காதீர்கள்' — இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நமக்குத்தான் எத்தனை கூச்சம்! ஒரு புழு சொல்லிவிட்டது.

பிரவுசிங் சென்டரில் தேடினேன். அந்த நீலக் கண்கள் கண்களே இல்லையாம். மிரட்டுவதற்கான வெறும் பொட்டுகள். அரளி, நந்தியாவட்டை இலைகள்தான் விருப்பச் சாப்பாடு. வளர்ந்ததும் பழுப்பாகி, கீழே இறங்கி, சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு அந்துப்பூச்சி.

அப்படியேதான் நடந்தது. புழு இறங்கிப்போன இடத்தைப் பெருக்கக் கூடாது என்று வசந்தாவின் உத்தரவு. பெருக்காமலிருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இந்தச் செவ்வாய் காலை, சுவரில் பூச்சி உட்கார்ந்திருந்தது. மிலிட்டரி யூனிஃபார்ம் போலப் பச்சையில் பச்சை, நடுவே லேசான ரோஸ். "இதையா கொல்லப் பார்த்தேன்?" என்றாள் வசந்தா, குரல் இறங்கிப்போய். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இருட்டியதும் அது பறந்துபோனது.

மறுநாள் நர்சரியிலிருந்து இன்னொரு நந்தியாவட்டையோடு வந்தாள்.

"பூஜைக்கா?"

"பூஜைக்குப் பழசு போதும்ங்க. இது அடுத்த வாட்ச்மேனுக்கு டிபன்."