இருபத்திரண்டு வருடம் நனையாத இடது கை

என் மாப்பிள்ளை பகலில் அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவர். அந்த வேலையில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஹோட்டல் மாடியில் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து கிதார் வாசிப்பார். ப்ளூஸ் ராக் என்று அதற்குப் பெயர். எனக்குப் புரிந்த வரையில், காதலி விட்டுப் போனதையும் வேலை பறிபோனதையும் சொல்லிப் புலம்புகிற பாட்டு அது. என் மகள் அவரை விட்டுப் போகவில்லை. வேலையும் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் மனிதர் இருபத்திரண்டு வருடமாகப் புலம்புகிறார்.

குழுவில் அவருக்கு மின்னல் என்று பெயர். அவரே வைத்துக்கொண்டது. மற்றவர்கள் ஒரு சுரம் வாசிக்கிற நேரத்தில் இவர் முப்பது வாசிப்பார். நடுவில் பாடகர் என்று ஒருவர் நின்று வாயைத் திறந்து மூடுவார். என்ன பாடுகிறார் என்று ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை.

மாப்பிள்ளையின் பெரிய சொத்து அவருடைய இடது கை விரல் நுனிகள். கம்பியை அழுத்தி அழுத்தி நான்கும் காய்த்துப்போய் இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் கையை நீட்டுவார்.

"தொட்டுப் பாருங்க அத்தை. ஊசி இறங்காது."

நான் முப்பத்தோரு வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவள். காய்ப்பு என்றால் எனக்கு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுக்கிற சமாச்சாரம். குதிகாலில் வந்தால் தொல்லை, விரலில் வந்தால் கலையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் பட்டால் காய்ப்பு மெத்தென்று ஆகிவிடுமாம். ஆகவே கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை. குளிக்கும்போது இடது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வார். என் மகள் மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தொட்டி நிறையக் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவுவாள். இவர் பக்கத்தில் நின்று, உலர்ந்த கையோடு, அவளுக்கு ஆதரவாகப் பேசுவார். விரலில் வெடிப்பு வந்தால் அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார். சூப்பர் க்ளூ. இரண்டு சொட்டு விட்டு ஊதினால் விரல் கல்லாகிவிடும். கிதார்காரர்கள் பலர் செய்வதுதான் என்று குழுவின் டிரம்ஸ்காரரும் சாட்சி சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தோராவது வயதில் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. எவரோ ஓர் அமைப்பாளர் இவர்கள் அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, நான்கு ஊர், பதினோரு நாள், வாருங்கள் என்று எழுதிவிட்டார். மாப்பிள்ளை அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். இதற்கு முன்னால் ஒருவரும் கூப்பிட்டதில்லை. இனிமேல் கூப்பிடப் போவதுமில்லை. அது அவருக்கும் தெரியும்.

என் இளைய மகள் அந்த நாட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்க நானும் அதே விமானத்தில் கிளம்பினேன். மூத்தவள் என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள்:

"அம்மா, அந்த மனுஷனை எப்படியாவது மேடையில ஏத்தி விட்டுடு. இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா, சாகற வரைக்கும் இதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்துடுவார்."

பன்னிரண்டு மணி நேரப் பயணம். பதினோரு மணி நேரம் நாற்காலியின் கைப்பிடியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி இரண்டு முறை முறைத்துவிட்டு இடம் மாறிப் போனார். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது சட்டைப் பையிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, இங்க வெச்சு?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேடை அத்தை. இறங்கினதும் நேரா அங்கதான். இப்பவே பூசிட்டா நல்லா இறுகிடும்."

நான்கு விரலுக்கும் மூன்று மூன்று பூச்சு. நகத்துக்குப் பாலிஷ் போடுகிற கல்யாணப் பெண்கூட அவ்வளவு அக்கறையாகப் போட மாட்டாள். தடுக்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. அது என் தப்புதான்.

குடிநுழைவுக் கவுண்டரில் டிரம்ஸ்காரர், பாடகர், இன்னொருவர் மூவரும் வரிசையாக உள்ளே போய்விட்டார்கள். மாப்பிள்ளை வலது கையைக் கைரேகைக் கருவியின் கண்ணாடியில் வைத்தார். பச்சை விளக்கு. இடது கையை வைத்தார். சிவப்பு. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள். இவர் ஜெராக்ஸ்காரர் ஆயிற்றே. படம் சரியாக விழவில்லை என்றால் கண்ணாடியில் அழுக்கு என்பது அவருக்குப் பாடம். கைக்குட்டையை எடுத்து, வாயால் ஹா என்று ஊதி, அரசாங்கத்தின் ரேகைக் கருவியைத் துடைக்க ஆரம்பித்தார். கவுண்டரில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் ஒரு தனி அறையில் இருந்தோம்.

மேசை, நான்கு நாற்காலி, சுவர்க் கடிகாரம், இன்னொரு ரேகைக் கருவி. மூலையில் ஒரு கழுவுதொட்டி, அதில் காப்பி காய்ந்துபோன கோப்பைகள். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிய ஓர் அம்மாள், அதிகாரி. எங்கள் மொழி அவருக்குத் தெரியாததால் தொலைபேசியை மேசை நடுவில் வைத்தார். அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசியது.

"வணக்கம் சார், நான் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி கேக்கறாங்க, உங்க இடது கை ரேகை எங்க போச்சுன்னு."

"எங்கயும் போகலை மேடம். உள்ள இருக்கு. மேல பசை."

"பசையா? என்ன பசை சார்?"

"சூப்பர் க்ளூ."

"சார், செருப்பு ஒட்டுறதைத்தானே சொல்றீங்க?"

"கிதார் வாசிக்கிறவங்க பூசுவாங்க மேடம். உலகம் பூரா."

அதை அவர் அதிகாரியிடம் சொன்னார். பதில் சுருக்கமாக வந்தது.

"ரேகையை மறைக்கிறவங்களும் அதைத்தான் பூசுவாங்களாம் சார். உலகம் பூரா."

"வெளிய என் கிதார் இருக்கு, கொண்டு வரச் சொல்லுங்க. வாசிச்சுக் காட்டறேன். நான் யாருன்னு தெரிஞ்சுடும்."

"வேணாங்கறாங்க."

"ரெண்டே நிமிஷம்."

"இப்ப இன்னும் அழுத்தமா வேணாங்கறாங்க சார்."

விஷயம் இதுதான். விசாவுக்குக் கொடுத்த ரேகையோடு இடது கை ரேகை ஒத்துப்போக வேண்டும். மூன்று மணிக்குத் திரும்புகிற விமானம் இருக்கிறது. அதற்குள் ஒத்துப்போனால் உள்ளே. இல்லையென்றால் அதே விமானத்தில் வீட்டுக்கு. அப்போது மணி ஒன்றே கால். மாப்பிள்ளையின் கைபேசி அடித்தது. அதிகாரி தலையாட்டியதும் எடுத்தார். டிரம்ஸ்காரரின் குரல் எனக்கே கேட்டது.

"யோவ் மின்னல், எங்கய்யா இருக்க? போஸ்டர்ல உன் மூஞ்சிதான் இருக்கு. நீ இல்லாம நாங்க போய் என்ன, சுண்டல் விக்கவா?"

நான் தொலைபேசிப் பக்கம் குனிந்தேன். "அம்மா, வெந்நீரும் சோப்பும் கிடைக்குமான்னு அதிகாரிகிட்ட கேளுங்க."

"அத்தை!" மாப்பிள்ளை இடது கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "வேணாம். ஊறினா காய்ப்பும் சேர்ந்து போயிடும். சாயங்காலம் வெறும் சதையை வெச்சுக் கம்பியை அழுத்தணும். செத்துடுவேன்."

"திரும்பிப் போனா காய்ப்பு பத்திரமா இருக்கும். அதை வெச்சு ஜெராக்ஸ் மெஷினைத் துடைச்சுக்கிட்டே இருக்கலாம். எது வேணும்னு சொல்லுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு எழுந்து தொட்டிக்குப் போனார்.

பசை ஒட்டிய தோலைப் பிய்க்கக் கூடாது. எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஒட்டப்போய்க் கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டார். அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றது அது. ஊறவைக்க வேண்டும், உருட்ட வேண்டும். ஆனால் சும்மா ஊறச் சொன்னால் எவரும் நிமிடத்துக்கு ஒரு முறை கையை வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். கைக்கு வேலை கொடுத்தால்தான் தண்ணீருக்குள் இருக்கும். தொட்டியில் பதினேழு கோப்பை கிடந்தது.

"கழுவுங்க."

"இதையா?"

"இடது கையால தேய்ங்க. வலது கையால பிடிங்க."

கோப்பை கழுவத் தெரியாத மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். வெளிப்பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து, உள்ளே காப்பிக் கறையை அப்படியே விட்டு, கவிழ்த்து வைத்தார்.

"உள்ள."

"ஆங்?"

"காப்பி உள்ளதானே குடிக்கறாங்க மாப்பிள்ளை? கைப்பிடியையும் தேய்ங்க."

தொலைபேசி கேட்டது. "அம்மா, அங்க என்ன சத்தம்?"

"பாத்திரம் கழுவறார்."

"இதை மொழிபெயர்க்கணுமா?"

"வேணாம். அவங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

அதிகாரி அம்மாள் தன் மேசையில் இருந்த கோப்பையில் மிச்சத்தைக் குடித்துவிட்டு, எழுந்து வந்து, அதையும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் பசையின் ஓரம் வெளுத்துத் தூக்கியது. நான் கட்டைவிரலால் மெல்ல உருட்டினேன். பசையோடு காய்ப்பும் தகடு தகடாக வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தோல், இருபத்திரண்டு வருடமாக வெயில் பார்க்காதது. மாப்பிள்ளை உரிந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கருவியில் மூன்று விரல் பச்சை காட்டியது. மோதிர விரல் சிவப்பு. மணி இரண்டே கால். பக்கத்து அறையில் இன்னும் ஐந்து கோப்பை இருப்பதாக அதிகாரி சைகை காட்டினார். மாப்பிள்ளை தானாகவே போய் எடுத்து வந்தார். ஐந்தாவது கோப்பை முடிந்து, துடைத்துவிட்டு விரலை வைத்தார். பச்சை. அதிகாரி முத்திரை குத்திவிட்டு ஏதோ சொன்னார்.

"கைப்பிடியெல்லாம் நல்லா கழுவியிருக்கீங்களாம் சார்," என்றது தொலைபேசி.

ஆறு மணிக்கு மேடை. அறுபது நாற்காலி, நாற்பது பேர். முதல் பாட்டில் மாப்பிள்ளை வழக்கம்போல் மின்னலடிக்கப் பார்த்தார். மூன்றாவது வரியில் வாய் கோணிக்கொண்டது. அதற்குமேல் முப்பது சுரத்துக்கு விரல் இடம் கொடுக்கவில்லை. ஒன்றை அழுத்தினார், வலி அடங்கும்வரை அதையே இழுத்துப் பிடித்தார், பிறகு மெதுவாக அடுத்ததற்குப் போனார். அந்த இடைவெளியில் பாடகர் பாடுவது எனக்குக் கேட்டது. நல்ல குரல். இத்தனை வருடம் அந்த மனிதரையும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன். சபையில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடிந்ததும் நின்று கைதட்டினார்கள்.

அமைப்பாளர் ஓடிவந்து மாப்பிள்ளையின் தோளைத் தட்டி ஏதேதோ சொன்னார். டிரம்ஸ்காரர் விளக்கினார்.

"பதிவுல கேட்டதைவிடப் பத்து மடங்கு நல்லா இருந்துச்சாம். இவ்வளவு நிதானம் எங்க கத்துக்கிட்டாருன்னு கேக்கறார்."

"நிதானமா? உயிர் போற வலியில வாசிச்சேன்யா!"

"அப்ப தினமும் வலிக்கட்டும்."

மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் டிரம்ஸ்காரரோடு பேசவில்லை. இரண்டாவது ஊரிலும் மூன்றாவது ஊரிலும் விரல் புண் ஆறவில்லை. இரண்டு இடத்திலும் நல்ல பெயர். நான்காவது ஊருக்குப் போவதற்குள் தோல் கெட்டியாகிவிட்டது, மின்னலும் திரும்பிவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பாதி நாற்காலி காலி என்று, இளைய மகள் வீட்டில் இருந்த எனக்கு டிரம்ஸ்காரர் போன் செய்து சொன்னார். மாப்பிள்ளையைக் கேட்டால், அந்த ஊர்க்காரர்களுக்கு ரசனை போதாது.

ஊர் திரும்பியதும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு முடிந்ததும் அவள் சோப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"பதினேழு கோப்பையாமே?"

"இருபத்திமூணு," என்றார் மாப்பிள்ளை. பெருமை முந்திக்கொண்டது. பிறகுதான் சோப்பைக் கவனித்தார். "அது... அது சட்டத்துக்காகக் கழுவினது."

"இது சாப்பாட்டுக்காக. எந்திரிங்க."

முதல் நாள் வலது கையால் மட்டும் கழுவுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கிற பையன் மாதிரி இடது கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார். இரண்டாவது கோப்பை நழுவி உடைந்தது. மகள் சில்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதைக் கையில் கொடுத்தாள். அன்றே இடது கை இறங்கிவிட்டது.

இப்போது தினமும் சாயங்காலம் பாத்திரம் அவருடையது. சனிக்கிழமைகளில் மின்னல் குறைந்துவிட்டதாக டிரம்ஸ்காரர் சொல்கிறார். ஹோட்டல்காரர் வெள்ளிக்கிழமையும் வாசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாராம்.