சூடு நிற்காத வண்டி

காஞ்சிபுரத்தில் காருக்குள் சூடு போதவில்லை என்று ஒருவன் ரிப்பேர் பார்த்தால் ஊரே சிரிக்கும். நான் பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பட்டுக்கடை முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தபோது. சீமையில் செய்த வண்டி அது. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது முதலாளியின் தலையில் கட்டிவிட்டுப் போனது. முன்சீட்டின் கால்மாட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். என்ஜினில் சூடான தண்ணீர் அதற்குள் ஓடும், ஒரு சின்ன விசிறி அந்தச் சூட்டை வண்டிக்குள் ஊதும். நம்மூர் வெயிலில் இது யாருக்கு வேண்டும்? வந்த மாதமே அதற்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டேன்.

இன்னொன்றும் செய்தேன். சித்திரை மாதம் ராஜவீதியைத் தாண்டுவதற்குள் அந்த வண்டி கொதித்துவிடும். என்ஜின் கழுத்தில் தெர்மோஸ்டாட் என்று ஒரு பித்தளை வில்லை உண்டு. தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை, அதை ஆறவைக்கிற ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து வைப்பது அதன் வேலை. குளிர்நாட்டுக்காரன் போட்ட பூட்டு நமக்கெதற்கு என்று கழற்றி எறிந்தேன். ஊரில் எல்லா டிரைவர்களும் அதைத்தான் செய்தோம். வண்டி அதற்குப் பிறகு கொதிக்கவில்லை. முதலாளி என்னைக் கெட்டிக்காரன் என்றார். நானும் நம்பிவிட்டேன்.

முதலாளியின் மகளை நீலகிரியில், ஊட்டியைத் தாண்டிக் கூடலூர் இறக்கத்தில் ஒரு தோட்டத்து அதிகாரிக்குக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவளுக்கு எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. நெஞ்சில் எப்போதும் ஒரு கரகரப்பு. ஐந்தாம் மாதம் குழந்தையை அதன் அப்பன் வீட்டில் விட வேண்டும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து கடிதம் மேல் கடிதம். மார்கழி பிறந்தால் அனுப்ப முடியாது, தை வந்தால் ஆறாம் மாதம், இரட்டைப்படை, அதுவும் ஆகாது. ஆகவே கார்த்திகைக் கடைசி என்று முடிவாயிற்று. போவதானால் போங்கள், குளிர்காற்று மட்டும் படவே கூடாது என்றார் டாக்டர்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னாபா, அந்த வெள்ளக்காரன் பொட்டி வேல செய்யுமா?"

"செய்ய வெச்சிடறேங்க" என்றேன்.

புதுக் குழாய் போட்டு இணைத்தேன். பெட்டியில் வந்தது வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால் உள்ளே கிணற்றுத் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. புளித்தண்ணீர் ஊற்றி ஒருநாள் ஊறவைத்து, செங்கல் நிறத்தில் வந்த தண்ணீர் தெளியும்வரை அலசினேன். மாட்டிய பிறகும் போதவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று தோன்றியது. என்ஜினை ஓடவிட்டு மேல் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். குமிழி விட்டு விட்டு வந்து நின்றது. அதன்பின் பெட்டி சுட்டது. கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு முசரவாக்கம் வரை போய் வந்தேன். சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிட்டது. முதலாளி பெட்டியின் முன்னால் கையை வைத்து உடனே எடுத்துக்கொண்டு, "போதும்பா" என்றார்.

நம்மூர்க் காற்றே பாதிச் சூடு. அதில் சோதித்துவிட்டு மார்தட்டிக்கொண்டேன். தெர்மோஸ்டாட் நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. மெட்ராஸில் ஒருநாள் அலைந்திருந்தால் ஒன்று கிடைத்திருக்கும். அதான் சூடு வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

முதலாளிக்குக் கடையை விட்டு வரமுடியவில்லை. மகளும் அவளுடைய அம்மாவும் குழந்தையும் பின்சீட்டில். மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலையில் மலை ஏறினோம். ஏற்றத்தில் என்ஜின் முக்கி முனகி இழுத்ததால் பெட்டி நன்றாகவே காய்ந்தது. குன்னூருக்கு முன் ஒரு வளைவில் மகளுக்குக் குமட்டியது. கண்ணாடியை இறக்கி வாந்தி எடுத்தாள். "சாத்துடி, சாத்துடி, கொழந்த இருக்குது" என்றார் அம்மா. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு அவரே குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்து, "கதகதன்னுதான் இருக்குது" என்றார். அது என் காதிலும் விழுந்தது.

ஊட்டியைத் தாண்டி இறக்கம். தூறல், எதிரில் வண்டி வந்தால் தெரியாத மூடுபனி. இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை இல்லை, தண்ணீரைத் தடுத்துவைக்க அந்தப் பித்தளை வில்லையும் இல்லை. சூடு காட்டும் முள் அடியில் போய்ப் படுத்தது. பெட்டியிலிருந்து பச்சைக் குளிர் ஊதியது. விசிறியை நிறுத்தினேன். அதைவிட வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மகள் குழந்தையைப் புடவைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒருமணி நேரத்துக்கு மேல் அப்படியே போனோம். ஒரு டீக்கடையைப் பார்த்து நிறுத்தியபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

அவர்கள் அடுப்போரம் உட்கார்ந்தார்கள். அங்கிருந்த லாரி டிரைவர் ஒருவர் என் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டியா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். ஒரு கோணிச்சாக்கைக் கொடுத்து, குளிர்காற்று படாமல் ரேடியேட்டர் முன்னால் கட்டச் சொன்னார். கட்டினேன். கால்மணி நேரத்தில் பெட்டி சூடானது. அவ்வளவு சுலபம்.

மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டது.

மகளின் அம்மாவும் நானும் இன்னும் அங்கேதான் இருந்தோம். சாவு வீட்டில் அவளுடைய மாமியார் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார், பெற்றவளே ஜன்னலைத் திறந்து பிள்ளைக்குக் குளிரைக் கொடுத்துவிட்டாள் என்று. "சாத்துடின்னு சொன்னனே" என்று அம்மாவும் சேர்ந்து அழுதார். குழந்தையின் கால் கதகதப்பாக இருந்ததை அவரே மறந்துவிட்டார். நான் வாசலில் வண்டியருகே நின்றிருந்தேன். கோளாறு என் வண்டியில் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வேலை போய்விடும், எனக்கும் மூன்று பிள்ளைகள் என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுகூட நிஜமில்லை. கெட்டிக்காரன் என்ற பேர் போய்விடும் என்பதுதான் நிஜம்.

தை மாதம் மகளைத் தாய்வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். முதலாளியோடு போய் அழைத்து வந்தேன். சமவெளிக்கு இறங்கி வெயில் ஏறியும் அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கவில்லை. வேலூர் தாண்டியபோது முதலாளி முன்சீட்டில் கண்ணயர்ந்திருந்தார். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கி நான் எவ்ளோ நேரம் ஜன்னல தொறந்து வெச்சினு இருந்தேன்?"

"கொஞ்ச நேரம்தாம்மா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள்.