வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

இன்று காலை ஓசூர் பஸ்ஸில் யாரோ என் காலடியில் வைத்த மூன்று மல்பெரி இலைக் கட்டுகளின் பச்சை வாசனை, பதினேழு வயதில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்ட எங்கள் வயலுக்கு இழுத்துப்போனது. செவ்வக வயல், குறுக்கே வளைந்து ஓடும் வாய்க்கால், இந்தப் பக்கம் எங்கள் மல்பெரி, அந்தப் பக்கம் சித்தப்பாவின் ராகி. அம்மா இலை பறிக்கும் சரசரப்பைக் கேட்டபடி வளைவு வரைந்திருந்த நோட்டைப் பக்கவாட்டில் திருப்பியபோதுதான், நேர்மாறு சைனின் வளைவும் வெறும் சைனின் வளைவும் ஒரே வாய்க்கால் என்பதும், முழுச் செவ்வகத்தில் சித்தப்பா பக்கத்தைக் கழித்தால் எங்கள் பக்கத்தின் பரப்பு வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரிந்தது. இரண்டே வரிக் கணக்கு.

அரையாண்டுத் தேர்வில் நேர்மாறு சைனைத் தொகையிடும் கணக்கு வந்தது; அப்படியே எழுதினேன். கணக்கு வாத்தியார் பத்துக்குப் பூஜ்யம் போட்டார்.

"இது பரீட்சை பேப்பராடா, உங்கப்பன் நெலத்துப் பட்டாவா? மொதல்ல பிரதியிடு, அப்புறம் பகுதி பகுதியா தொகையிடு."

நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள்.

பொதுத்தேர்விலும் அதே கணக்கு வந்தது. பயந்துபோய் அவர் சொன்ன வழியிலேயே போட்டேன். கடைசிப் படியில் ஒரு கழித்தல் குறி மாறிவிட்டது. முழு வயலைவிட எங்கள் பங்கு பெரிதாக வந்திருப்பதைக்கூடக் கவனிக்காமல் பேப்பரைக் கொடுத்துவிட்டேன். பொறியியல் இடம் இரண்டு மார்க்கில் போனது.

பிறகு வயலையும் விற்றார்கள். அதில் எழுந்த கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ஆட்களை எண்ணினேன். வாய்க்காலை மூடி, சுற்றிலும் மதில் எழுப்பிவிட்டார்கள். இப்போது அந்த இடத்துக்குத் தொகையிடல் வேண்டாம். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும்.