மூச்சுவிடும் பெட்டி

என்னைப் பார்த்தால் டீச்சர் மாதிரியா இருக்கிறது? ஜீயபுரம் தாண்டி இருந்த அந்த அட்டை மில்லுக்கு முதல் நாள் போனபோது, குடையும் தோள்பையுமாக கேட்டில் நின்றவளைப் பார்த்து வாட்ச்மேன், "ஸ்கூல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணும் டீச்சரம்மா" என்று கை காட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மில்லில் வேலை செய்த அத்தனை பேருக்கும் நான் டீச்சரம்மா. முறைத்துப் பார்த்தேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம். ஊருக்குக் கிழக்கே பெரிய பெரிய தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று திருச்சி முழுக்க ஒரே பேச்சு. டீக்கடையில்கூட மெஷின், லைசென்ஸ், பம்பாய் என்றுதான் பேசிக்கொண்டார்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு ஆகவே ஆகாத காரியம். பேப்பரில் "அறிவியல் பட்டதாரி தேவை" என்று பார்த்ததும் இனிஷியல்களை மட்டும் போட்டு மனு அனுப்பிவிட்டேன். பேர் போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் ஒன்றும் அசடு இல்லை.

முதலாளி நேர்முகத்துக்கு வந்தவளைப் பார்த்து, "பையன்னு நெனச்சேன்" என்றார்.

"விளம்பரத்துல பையன்னு போடலியே சார்."

"ம்."

அந்த 'ம்'மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் அழியாத சந்தனப் பொட்டு, எதற்கும் ஒரே ஒரு 'ம்'. சரி என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். அன்றைக்கு அது சரி என்று வைத்துக்கொண்டு நான் மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

வைக்கோலை அவித்து, கூழாக அரைத்து, தாளாக இழுத்து, நீராவி ஓடும் இரும்பு உருளைகளின் மேல் விட்டுக் காயவைத்தால் அட்டை. அதுதான் மில். நீராவிக்கு ஒரு பாய்லர். பாய்லருக்குள் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் ஆபத்து. கூடினால் நீராவியோடு தண்ணீரும் கிளம்பிப் போய்ப் பைப்புகளை அடித்து நொறுக்கும். அதனால் பாய்லர் ஆள் ஒருவர் கண்ணாடிக் குழாயில் மட்டத்தைப் பார்த்தபடி, சக்கரத்தைத் திருகித் திருகித் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பார். உறையூர்க்காரர். தினம் சைக்கிளில் வருவார். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் பம்பாயிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அறிவியல் பட்டதாரியைத் தேடியிருக்கிறார்கள். சுவர்க்கடிகாரம் மாதிரி, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே வட்டமாக ஒரு தாள், அதன்மேல் மட்டத்தைக் கோடாகப் போட்டுக்கொண்டே போகும் பேனா. தண்ணீர் மட்டம் குறைந்தால் பெட்டியே காற்றை அனுப்பி வால்வைத் திறக்கும். கூடினால் மூடும். மனுஷக் கையே வேண்டாம். பொருத்த வந்த பம்பாய் என்ஜினீயர் எல்லாரையும் கூட்டி வைத்து, கதவைத் திறந்து, உள்ளே ஒரு சின்னப் பித்தளை மூக்கைக் காட்டினார். அதில் ஊசிமுனை அளவு ஒரு துவாரம். அதன் வழியாகக் காற்று உஸ்ஸென்று கசிந்துகொண்டே இருந்தது. "இதன் உயிர் முழுவதும் இங்கேதான் இருக்கிறது" என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை முதலாளி தமிழில் எல்லாருக்கும் சொன்னார். அடேயப்பா, அந்த மூச்சுச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்துப் போயிற்று! காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதன் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பேன்.

பாய்லர்க்காரருக்கு அது கட்டோடு பிடிக்கவில்லை. "கடியாரம் வந்து பாய்லர் ஓட்டுமாம். நாளைக்கு உலையும் அதுவே வைக்கும், சோறும் அதுவே திங்கும்" என்பார். அவர் கோபம் நியாயம்தான். சக்கரம் தானாகத் திரும்பினால் அவருக்கு அங்கே என்ன வேலை? எனக்கோ நேர் எதிர்க் கவலை. முதலாளி முதலிலேயே பளிச்சென்று சொல்லிவிட்டார்: "இந்தப் பெட்டி நம்ம ஊருக்கு ஒத்துவருதான்னு பொங்கல் வரைக்கும் பார்ப்போம். வரலேன்னா திருப்பி அனுப்பிடுவேன். பெட்டி இல்லேன்னா உனக்கும் இங்க வேலை இல்லம்மா."

வீட்டிலோ லால்குடி அத்தை ஒரு வரனோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பெண் வேலைக்குப் போகக் கூடாதாம். அப்பா நல்லவர், ஆனால் அத்தையை எதிர்த்து வாயைத் திறக்க மாட்டார். "வேலை நிரந்தரம்னு ஆயிட்டா நான் உன் பக்கம் பேசறேன்டிம்மா. இல்லேன்னா தை மாசம்..." என்று இழுத்தார். ஆக, தை பிறக்கும் வரைக்கும் அந்தப் பெட்டி ஒழுங்காக மூச்சுவிட்டாக வேண்டும். என் பிழைப்பு அந்த ஊசித் துவாரத்தில் தொங்கியது.

அது ஒழுங்காகத்தான் விட்டது, ஆயுதபூஜை வரைக்கும்.

பூஜையன்று பாய்லரை அணைத்து, பெட்டிக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரையும் நிறுத்தி, மில்லையே கழுவி விட்டார்கள். வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம். நான் வெளியே பெண்டுபிள்ளைகளுக்குப் பொரியும் கடலையும் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டில் பூசணிக்காய் உடைந்தது. எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று நான் வந்து நுழைவதற்கு முன்னாலேயே பாய்லரை மூட்டி, பெட்டியை ஆட்டோவில், அதாவது தானாகவே வேலை செய்யும்படி, போட்டுவிட்டார்கள். அரை மணி ஆகியிருக்காது, மில்லே அதிர்கிற மாதிரி பைப்புகளுக்குள் தடார் தடாரென்று சத்தம். உருளைகளில் நீராவிக்குப் பதில் தண்ணீர் போய், காயவேண்டிய அட்டை ஊறித் தொப்பலாகி அறுந்து அறுந்து விழுந்தது. பாய்லர்க்காரர்தான் பாய்ந்து போய்ப் பெட்டியை ஆட்டோவிலிருந்து விலக்கி, சக்கரத்தைத் திருகித் தண்ணீரை நிறுத்தினார். இல்லாவிட்டால் பைப்பே வெடித்திருக்கும்.

முதலாளி வந்தார். நனைந்த அட்டையைப் பார்த்தார். "நம்ம ஊர்த் தூசிக்கும் புழுதிக்கும் இதெல்லாம் சரிப்படாது. கழட்டுங்க." அதோடு விடவில்லை. பாய்லர்க்காரரைத் திரும்பிப் பார்த்து, "இல்ல, யாராவது வேணும்னே கைய வச்சாங்களா?" என்றார். அவர் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. நேற்று வரைக்கும் அந்தப் பெட்டியைத் திட்டாத நாளில்லை. அவர் செய்யவில்லை என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்?

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். "சார், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்கப்புறம் நானே கழட்டித் தரேன்" என்றேன்.

"ம்" என்று போனார். சரியா, வேண்டாமா என்று யார் கண்டது? நான் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். கம்ப்ரஸரிலிருந்து பெட்டிக்குக் காற்று வருகிறது, ஆனால் உஸ்ஸென்ற சத்தம் இல்லை. மூச்சு நின்றிருந்தது. முதலாளி அறையில் தொங்கிய சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்து பார்த்தால், அந்தப் பித்தளை மூக்கின் மேல் அழகாக, வட்டமாக, நடுவில் குங்குமத்தோடு சந்தனம்! ராத்திரி முழுக்கக் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. துவாரம் அடைத்தால் காற்று வெளியேற வழியில்லை. உள்ளேயே சேர்ந்து சேர்ந்து வால்வை முழுக்கத் திறந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். பெட்டி மேல் ஒரு குற்றமும் கிடையாது.

நேரே பாய்லர்க்காரரிடம் போனேன். "அண்ணே, பெட்டிக்குள்ள சந்தனம் வச்சது நீங்களா?"

"ஐயோ, நான் அந்தக் கடியாரத்தத் தொட்டதே இல்ல டீச்சரம்மா" என்றவர், சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முதலாளிதான் வச்சாரு. புது மெஷினுக்கு மொதப் பொட்டு அவர் கையாலதான் வைக்கிறது வழக்கம். உயிர் எங்க இருக்குன்னு அந்த பம்பாய்க்காரர் சொன்னாருல்ல, அந்த எடமாப் பார்த்து, கதவத் தெறந்து, கண்ண மூடிக் கும்பிட்டு வச்சாரு. நாங்க எல்லாரும் பார்த்தோம். அதனாலதானா இத்தனையும்?"

"அதனாலதான்."

"அப்ப சொல்லாதீங்க. தூசின்னு சொல்லிடுங்க."

தூசி என்று சொல்வது சுலபம். ஆனால் தூசி என்றால் பெட்டி பம்பாய்க்குப் போகும், நான் லால்குடி வரனுக்குப் போவேன். வேண்டுமென்றே யாரோ செய்தது என்றால் இவர் வேலை போகும். ஒரு பொய்கூட உருப்படியாக மிஞ்சவில்லை.

வெந்நீரில் துணியை நனைத்துச் சந்தனத்தை ஊற வைத்துத் துடைத்தேன். துவாரத்துக்குள் போனது மட்டும் வரவில்லை. கம்பியோ ஊசியோ விட்டால் துவாரம் பெரிசாகி எல்லாமே கெட்டுவிடும். தலையில் வைத்திருந்த கதம்பத்தை எடுத்து, கட்டியிருந்த வாழைநாரை உருவி, முடி மாதிரிக் கிழித்து நனைத்து, துவாரத்தில் விட்டு இழுத்தேன். மறுபடி மறுபடி இழுத்தேன். கடைசியில் நார் மஞ்சளாக வெளியே வந்தது. உஸ்ஸ்... அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆட்டோல போடுங்கண்ணே."

"மறுபடி பைப்பு அடிச்சுதுன்னா என் தலைதான் உருளும்."

"தனியா உருளாது. என்னோடதும் கூடவே வரும். போடுங்க."

அவர் ஒரு கையைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டே போட்டார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, பிறகு நடுவில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். வெகு நேரம் கழித்து அவர் கையை எடுத்தார்.

சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தார். உருளையில் அட்டை மொறமொறவென்று காய்ந்து வந்துகொண்டிருந்தது. "என்ன கோளாறு? தூசிதானே?"

பாய்லர்க்காரர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"தூசி இல்ல சார். காத்து போற துவாரத்துல சந்தனம் அடைச்சிருந்தது."

"யார் வச்சது?" என்று அவர் பாய்லர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் சார்."

முதலாளி தன் மோதிர விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சாமி கும்பிட்டு வச்சத தப்புங்கறியா?" என்றார்.

"தப்புன்னு சொல்லல சார். உங்க நெத்தியில வச்சா லட்சணமா இருக்கு. அதையே மூக்குக்குள்ள அப்பினா நீங்க மூச்சு விடுவீங்களா? பாவம், அதுவும் அப்படித்தான்."

வாய்க்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா எனக்கு! சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. அவர் 'ம்' கூடச் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

மெயின்கார்டு கேட்டில் பஸ் மாறி, காவேரிப் பாலம் தாண்டும்போது, போகட்டும், உள்ளதைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். "வேலை போச்சுன்னு நெனைக்கிறேன்ப்பா" என்றேன். அத்தை முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கணுமே! அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மறுநாள் காலை முதலாளி என் ரூமுக்கே வந்தார். மேஜைமேல் ஒரு சின்னச் சாவியை வைத்தார். பெட்டியின் கண்ணாடிக் கதவுச் சாவி. அதுவரைக்கும் அது அவர் அறையில்தான் தொங்கும்.

"இனிமே உன்னைக் கேக்காம அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "நானும்தான்" என்றார்.

"அப்ப பொங்கலுக்கு அப்புறமும்...?"

"ம்."

அந்தச் சாவியைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் அத்தை முன்னால் அவிழ்த்து வைத்தேன். அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகத் தன் அக்காவிடம், "இந்த வரன் வேண்டாம்க்கா" என்றார். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது.

பாய்லர்க்காரரை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் அவருக்கு உதவியாக இருந்த ஆளை வைக்கோல் போருக்கு மாற்றிவிட்டார்கள். அது பெட்டியால்தான். அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. அந்த ஆள் என்னோடு கடைசி வரைக்கும் பேசவே இல்லை.

அடுத்த ஆயுதபூஜைக்கு நான் ஒன்று செய்தேன். மற்றதெல்லாம் நிற்கட்டும், கம்ப்ரஸர் மட்டும் ஓடட்டும் என்று அடம்பிடித்து ஓட வைத்தேன். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு பெட்டி முன்னால் வந்து நின்றார். கதவு பூட்டியிருந்தது. மில்லே சுற்றி நின்று என்னைப் பார்த்தது.

"எங்க வைக்கட்டும், டீச்சரம்மா?" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"நெத்தியில வைங்க சார்."

கண்ணாடிக் கதவின் மேல், நடுவில், கண்ணை மூடிக் கும்பிட்டுப் பொட்டு வைத்தார். அப்புறம் சட்டை மடிப்பு கலைவதைக்கூடப் பார்க்காமல் குனிந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"விடுது."