இரண்டு பேர் போதும்

எங்கள் புட்பால் டீம் அடுத்த வருஷமாவது நாலு கோல் போடுவதற்கு என்ன வழி என்று ஆராய்வதற்காகக் காலேஜில் ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, டீமிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நான் கோல் போடுகிறவன் அல்ல, கோலைக் காக்கிறவன். இத்தனை காலம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் காது சூடாகிறது.

முப்பதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ராஜா இருந்தார். நான் விராலிமலைப் பக்கத்தில் விவசாயம் செய்கிற சம்சாரி வீட்டிலிருந்து இன்டர்மீடியட் படிக்க வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். பந்து ஆடத் தெரியும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உயரமாக இருந்தேன், பிடித்துக் கொண்டுபோய் கோலில் நிறுத்திவிட்டார்கள். நின்ற பிறகு எனக்கு அது பிடித்துப்போயிற்று. கோலில் நிற்கிறவனுக்கு மைதானம் முழுவதும் தெரியும். மற்றப் பத்துப் பேருக்கும் முன்னால் இருக்கிறது மட்டுந்தான் தெரியும்.

அப்படி நின்று அந்த வருஷம் முழுவதும் நான் பார்த்தது இதுதான்: முன்னால் நின்று கோல் போட வேண்டிய எங்கள் பார்வர்டுகள் ஐந்து பேரும் எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் போகவே பயந்தார்கள். பந்தை வாங்குவார்கள், நாலு பேரை ஏமாற்றுவார்கள், வெளியே நிற்கிற ஜனம் கைதட்டும், அத்தோடு சரி. பின்னால் நின்று தடுக்கிற எதிராளியின் பேக் ஒருவன் இரண்டடி முன்னால் வந்துவிட்டால் போதும், நம்மவர்கள் ஐந்து பேரும் கயிறு கட்டி இழுத்தது போலப் பின்னால் வந்துவிடுவார்கள். அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தார் எங்கள் டிரில் மாஸ்டர்.

அவர் பழைய பட்டாளத்துக்காரர். முதல் யுத்தத்துக்கு முன்னால் பெங்களூரில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களோடு பந்து ஆடியவர். முறுக்கு மீசை, காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். எங்கள் ஊர் மைதானத்தில் யார் வந்து ஆடினாலும் விசில் அவர் வாயில்தான். ஆப்சைடு விஷயத்தில் அவரைப்போலக் கண்டிப்பானவர் கிடையாது. ஆப்சைடு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நம் ஆள் பந்தை உதைக்கிற சமயத்தில், முன்னால் நின்று அதை வாங்கப் போகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிராளிகள் இத்தனை பேராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசில். இத்தனை பேர் என்றால் எத்தனை பேர்? மூன்று பேர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கோல்காரன் ஒருவன், அவனைத் தவிர இரண்டு பேர். இதை அவர் சந்தியாவந்தனம் போலத் தினமும் எங்களைச் சொல்லவைப்பார்.

வெளியூர் டீம்கள் எங்கள் ஊருக்கு வந்து கோல் போட்டால் ஆப்சைடு என்று விசில் அடிப்பார். அவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு கத்துவார்கள். தோற்கத் தெரியாத பயல்கள் என்று நாங்கள் சிரிப்போம். எங்கள் ஊரில் எல்லா ஆட்டமும் கோல் இல்லாமல் முடியும். வெளியூர் போனால் தோற்றுவிட்டு வருவோம். வெளியூர் ரெபரிகள் அவரவர் ஊருக்குச் சாதகமாக விசில் அடிக்கிறார்கள் என்று எங்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் திருச்சியில். அவர்களுடைய பார்வர்டு ஒருவன் எங்கள் பேக் ஒருவனைத் தாண்டி நழுவி நின்று பந்தை வாங்கினான். அவனுக்கு முன்னால் நானும் இன்னொரு பேக்கும் மட்டும். இரண்டே பேர். எங்கள் பேக் நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். பதினொரு பேரும் ஸ்கூலில் ஆஜர் சொல்கிற பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அவன் சாவகாசமாக வந்து, என் காலுக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டிவிட்டுப் போனான். விசில் அடித்தது, கோல் என்று.

ஆட்டம் முடிந்ததும் நான் ரெபரியிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் அந்த ஊர் ஸ்கூல் வாத்தியார் ஒருவர். கோபப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேரு இருந்தீங்க தம்பி?"

"நானும் பேக்கும், ரெண்டு பேருதாங்க."

"ரெண்டு பேரு இருந்தா போதுமே. மூணு பேருங்கிறதை ரெண்டு பேரா மாத்தி வருஷக்கணக்காச்சு. லண்டன்லயே மாத்திட்டாங்க. உங்க ஊர்ல யாருமே சொல்லலையா?"

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்த டீம் காப்டனைக் கேட்டேன். அவன் சிரித்தான். "அதுக்குத்தான் உங்க ஊருக்கு வர்றதுன்னாலே எங்க பசங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க" என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் எங்கள் லெப்ட் அவுட் உட்கார்ந்திருந்தான். இடது ஓரமாக ஓடி ஆடுகிறவன். மீமிசல் கரையிலிருந்து வந்தவன். அவன் அப்பா கருவாடு வாங்கி உள்நாட்டுச் சந்தைகளில் விற்பவர். ஹாஸ்டலில் எல்லோரையும் ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவனை மட்டும் 'கருவாடு' என்றார்கள். நான் மீமிசல் என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால் அவனுக்கு. எங்கள் டீமில் அவனைப்போல ஓடக்கூடியவன் வேறு யாரும் இல்லை. எப்போதாவது துணிந்து முன்னால் ஓடிவிடுவான்; அதனால் அவனைப்போல விசில் வாங்கியவனும் இல்லை. ரெபரி சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப நான் போட்ட கோலெல்லாம்?" என்றான்.

"கோலுதான்."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கூட்டத்துக்கு வருகிறேன். விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு இங்கிலீஷ் புரொபசர். ஜரிகைத் தலைப்பாகை, மூடிய கோட்டு. அவர் தலைமை. பக்கத்தில் டிரில் மாஸ்டர். டீயும் பஜ்ஜியும் கொடுத்தார்கள். புரொபசர் முக்கால் மணி நேரம் பேசினார். மனத்தெம்பு வேண்டும் என்றார், முட்டை சாப்பிடாதவர்கள் உளுந்து சாப்பிட வேண்டும் என்றார், பார்வர்டுகளுக்குப் புது ஜெர்சி வாங்கலாம் என்றார். எங்கள் காப்டன் எழுந்தான். டவுன் வக்கீல் ஒருவரின் மகன், சென்டர் பார்வர்டு, டீமில் பூட்ஸ் போட்டு ஆடிய ஒரே ஆள். "எல்லாருக்கும் பூட்ஸ் வேணும் சார். கோல்கீப்பரும் கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தா நல்லா இருக்கும்" என்றான்.

வருஷம் முழுவதும் ஒரு கோல்கூடப் போடாதவன் சொல்கிறான். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், ஜெர்சியும் வேணாம், பூட்ஸும் வேணாம் சார். ஆப்சைடு சட்டம் மாறியிருக்கு. மூணு பேரு இல்ல, ரெண்டு பேரு போதும். அது தெரியாமத்தான் நம்ம பசங்க முன்னால போக மாட்டேங்கிறாங்க."

டிரில் மாஸ்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருடா சொன்னது ஒனக்கு?"

"திருச்சி ரெபரி சொன்னாரு சார்."

"ஒனக்குக் கோல் போட்டவனோட ஊர்க்காரன் சொன்னான், நீ அதை நம்பிக்கிட்டு வந்துட்டே. டேய், நான் வெள்ளைக்காரனோட ஆடினவன். பந்து அவன் ஊரு பந்து. அவனுக்குத் தெரியாத சட்டம் திருச்சிக்காரனுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"நீங்க ஆடினப்ப மூணு பேருதான் சார். அப்புறம் மாத்திட்டாங்க. மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டாத் தெரிஞ்சிரும்."

புரொபசர் மேஜையைத் தட்டினார். "எது சட்டம் என்பதல்ல இப்போது கேள்வி. வயதில் மூத்தவரிடம் பேசுகிற முறையா இது?" என்று அச்சடித்த தமிழில் கேட்டார்.

எது சட்டம் என்பதுதான் கேள்வி. அதைத் தவிர அந்த அறையில் வேறு கேள்வியே இல்லை. ஆனால் அதைக் கேட்க ஒருவரும் தயாராக இல்லை. நான் மீமிசலைப் பார்த்தேன். அவன் எழுந்திருக்கப் பார்த்தான்; நான்தான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவனையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். மன்னிப்புக் கேள் என்றார் புரொபசர். கேட்க மாட்டேன் என்றேன். கட்டுப்பாடு இல்லாதவனுக்கு டீமில் இடம் இல்லை என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. காப்டன் பஜ்ஜித் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.

அன்றைக்கு நான் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று பார்த்தேன். மீமிசல் விடவில்லை. "நீ போயிட்டா எனக்கு யாரு பந்து பிடிக்கிறது? வா, அங்கிட்டு கம்மாய்ப் பக்கம் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போனான். கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இரண்டு கல்லை வைத்துக் கோல் ஆக்கினோம். ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் பேக்காக நிற்பான், ஒருவன் பந்து கொடுப்பான், நான் கோலில். பேக் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, அவனை ஒட்டி இந்தப் பக்கமாகவே நின்று, பந்து புறப்பட்ட பிறகு பாய வேண்டும். சொல்வது எளிது. மீமிசலுக்கு ஒரு வருஷத்துப் பயம் காலில் இருந்தது; பாதி தூரம் ஓடிவிட்டு விசில் சத்தத்துக்காகத் திரும்பிப் பார்ப்பான். "விசிலும் இல்ல, ஒரு மயிரும் இல்ல, ஓடுடா!" என்று நான் கத்துவேன். கத்திக் கத்தி என் கோபம் கொஞ்சம் வடிந்தது, கொஞ்சந்தான்.

மழைக்காலம் வருவதற்கு முன்னால் காலேஜின் புது வருஷத்து ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டம் எங்கள் ஊரில், தஞ்சாவூர்ப் பக்கத்து டீமோடு. போன வருஷம் இங்கே பட்டது போதும் என்று, தங்கள் ரெபரியைக் கூட்டிக்கொண்டுதான் வருவதாக அவர்கள் முன்கூட்டியே பிரின்ஸ்பாலிடம் சொல்லிவிட்டார்கள். டிரில் மாஸ்டர் புரொபசருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில் மட்டும் தொங்கியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜனத்தோடு ஜனமாகக் கோட்டுக்கு வெளியே நின்றேன். என் இடத்தில் ஒரு புதுப் பையன் நின்றான்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு நடந்தது. எங்களோடு கண்மாயில் பந்து கொடுத்துப் பழகிய பையன்தான் அன்று டீமில் மீமிசலுக்கு அடுத்து உள்பக்கம் ஆடுகிற லெப்ட் இன். அவன் இரண்டு பேக்குகளுக்கு நடுவே பந்தை நீளமாகத் தள்ளினான். மீமிசல் பாய்ந்தான். அவனுக்கு முன்னால் அவர்கள் கோல்கீப்பரும் ஒரு பேக்கும் இருந்தார்கள், இரண்டு பேர். உடனே "ஆப்சைடு! ஆப்சைடு!" என்று ஒரு கூச்சல். கத்தியது எதிராளிகள் அல்ல. எங்கள் காப்டன்! கையை உயர்த்திக்கொண்டு தன் டீமுக்கு எதிராகத் தானே முறையிட்டுக்கொண்டு நிற்கிறான்! அவனைப் பார்த்து மற்ற மூன்று பார்வர்டுகளும் நின்றுவிட்டார்கள். ஜனங்களும் கத்தினார்கள்.

"ஓடுடா!" என்று நான் கத்தினேன்.

என் சத்தம் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பேக்கைத் தாண்டினான். கோல்கீப்பர் காலில் விழுந்தான். மீமிசல் பந்தை அவன் முதுகுக்கு மேலாகத் தூக்கி உள்ளே போட்டான். ரெபரி கையை நடு மைதானத்துக்கு நீட்டினார். கோல். யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. கோலைப் போட்டவனே திகைத்துப்போய் நின்றான். பிறகுதான் மைதானம் அதிர்ந்தது.

அந்த ஒரு கோலில் ஜெயித்தோம். அன்று சாயங்காலமே டீ பார்ட்டி. நான் அழையாமலே போய் வாசலில் நின்றேன். புரொபசர் பேசினார். நம் டிரில் மாஸ்டரின் அயராத பயிற்சியே இந்த வெற்றிக்குக் காரணம் என்றார். போன வருஷம் கூடி ஆலோசித்ததன் பலனை இன்று கண்கூடாகப் பார்க்கிறோம் என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் மாஸ்டர் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். வலையும் பந்துகளும் போட்டு வைக்கிற ஷெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நேத்து ராத்திரி அந்த ரெபரிகிட்ட கேட்டேன்டா. ரெண்டு பேருதானாம். நீ சொன்னது சரிதான்."

நான் அவர் கழுத்து விசிலைப் பார்த்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலடா. இந்த ஊருல எனக்கு யாரு சொல்லுவா?"

"நான் சொன்னேன் சார்" என்றேன்.

அவருடைய மீசை லேசாக ஆடியது. "சொன்னேதான்" என்றார்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும்தான் சார் என்னைத் தள்ளுனீங்க. இதையும் அவங்க முன்னால சொல்லுங்க."

"அது எப்படிடா முடியும்? நாளைக்குப் பயலுக எவன் என் விசிலுக்குக் கட்டுப்படுவான்?"

அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வயசாளி, கண் கலங்கியிருந்தது. ஆனால் நான் கேட்டது நியாயம். அவமானத்தை ஊரறியக் கொடுத்துவிட்டு, ஒப்புதலை ஷெட்டுக்குப் பின்னால் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

என்னைக் கோலில் நிற்கத் திரும்ப எடுக்கவும் அவரால் முடியவில்லை. புரொபசர் சம்மதிக்க மாட்டாராம். அதற்குப் பதிலாக ஒரு சிவப்புக் கொடியை நீட்டினார். "கோட்டோரமா லைன்ஸ்மனா நில்லு. இந்த ஊருல ஒனக்குத்தான் ஆப்சைடு தெரியும்."

கொடியை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். மீமிசலை நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். நான் நிற்காவிட்டால் வேறு எவனாவது நின்று, அவன் ஓடுகிறபோதெல்லாம் மூன்று பேரை எண்ணுவான்.

அந்த வருஷம் டீம் நன்றாகவே ஆடியது. மற்றப் பார்வர்டுகளும் மெல்ல முன்னால் போகத் துணிந்தார்கள். காப்டன்கூட ஒரு கோல் போட்டான். அதை அவன் அப்பா ஊரெல்லாம் சொன்னார். மாஸ்டர் விசிலோடு ஓடிவிட்டு, சந்தேகம் வந்தால் என் பக்கம் பார்ப்பார். நான் கொடியைத் தூக்கினால் ஊதுவார், தூக்காவிட்டால் விடுவார்.

மதுரை டீம் வந்திருந்த நாளில், ஆட்டம் முடிகிற சமயம், மீமிசல் பந்து புறப்படுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பாய்ந்துவிட்டான். அவனுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டுந்தான். என் கை கொடியை இறுக்கிப் பிடித்தது. தூக்கினேன். பந்து வலைக்குள் கிடந்தது, விசில் ஊதியாகிவிட்டது. ஜனங்கள் என் அப்பன் ஆத்தாளை எல்லாம் இழுத்துத் திட்டினார்கள். ஒருவன் மண்ணாங்கட்டியை எறிந்தான்.

மீமிசல் மூச்சிரைக்க என்னிடம் வந்தான். "எத்தனை பேருடா இருந்தாங்க?"

"ஒருத்தன்" என்றேன்.

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். திரும்பித் தன் இடத்துக்கு ஓடினான். அன்று ராத்திரி மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து, குழம்பு வாளியை என் பக்கம் தள்ளிவிட்டான். பேச்சு மட்டும் மறுநாள்தான் வந்தது.